புட்டிங் இறுகும் வரை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, உன் படையலில் கேரமல் புட்டிங் வைப்பதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். வழிமொழிய ஆள் இல்லாததால் அதையும் நானே செய்தேன். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. உன் மகன் மோகன் என் வாசலில் நின்று தலையை ஆட்டிவிட்டு, "அப்போ மத்த ஏழையும் செய்யச் சொல்றேன் மாஸ்டர்" என்று சொல்லிப் போனான்.

கருமாதிக்கு முதல் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைக்க வேண்டும். உன் வீட்டில் இதில் ஒரு சிக்கல் எழுந்துவிட்டது. தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சமைத்த உனக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. உன் மனைவியைக் கேட்டதற்கு, "வச்சதத் தின்னுட்டுப் போவாரு" என்றார்களாம். பிறகு மோகன் உன் தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறான். வெள்ளைக் கோட்டின் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்திருக்கிறது. அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள். அதில் எட்டுச் சாமான்களின் பெயர்.

"அப்பா பத்திரமா வச்சிருந்தாரு மாஸ்டர். இது அவருக்குப் பிடிச்ச சாமான்தானே?"

தாளில் பூச்சி உருண்டையும் கறுவாவும் மணந்தன. கோழி சூப், மீன் கட்லட், மஞ்சள் சோறு, ரோஸ்ட் கோழி, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் மொஜு, கேரமல் புட்டிங், கோப்பி. கையெழுத்து என்னுடையது. ஓரத்தில் உன் பென்சில் எழுத்துகள் இருந்தன. அவற்றைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

"ஆமாம்பா. ஆனா புட்டிங் மட்டும் வேண்டாம்" என்றேன்.

"ஏன் மாஸ்டர்?"

"அது இறுக நேரமாகும்."

நீயும் நானும் தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். றக்வானையில் இருந்து வரும் பஸ் நம்மை இறக்கிவிடும் வளைவில் இருந்து கீழ் டிவிசன் அரை மைல், நம் கணக்கில் அரைக் கட்டை தூரம். மேல் டிவிசன் மூன்று கட்டை. கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் மழைக்காலத்தில் யாரையும் மதிக்காத ஓர் ஓடை. நான் கீழ் டிவிசன் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் ஆனேன். நீ பங்களாவில் சமையல்காரன், அதாவது அப்பு ஆனாய். ஊர் முன்னால் நான் உனக்கு 'மாஸ்டர்', நீ எனக்கு 'அப்பு'. தனியே இருக்கும்போது இருவருக்கும் 'டா' போதுமாக இருந்தது.

உனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பது பங்களாவில் ஒருவருக்கும் தெரியாது. துரையின் மனைவி, நாம் நோனா என்று சொல்பவர், மறுநாள் சாப்பாட்டை இங்கிலீஷில் ஒரு மெனு புத்தகத்தில் எழுதி வைப்பார். துரைமார் மாறினார்கள், நோனாமார் மாறினார்கள், தோட்டத்தைக் கம்பனி எடுத்துக்கொண்டது. அந்தப் புத்தகம் மாறவில்லை. காலை ஆறு மணிக்கு நீ அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வளைவுக்கு வருவாய். நான் வாசிப்பேன். நீ ஒரு தடவை கேட்டால் போதும்.

"இன்னைக்கு என்னாடா திங்குறாங்க?"

"மட்டன் ஸ்டியூ."

"நேத்தும் அதானேடா."

"நேத்து மதியத்துக்கு. இன்னைக்கு ராவைக்கு."

"படிச்சவங்க" என்பாய், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போல.

உடனே காதில் இருந்து பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுவாய். துரை எட்டு மணிக்கு மேசைக்கு வருவார் என்றால், நீ எட்டில் இருந்து பின்னோக்கிப் போவாய்: இறைச்சி அடுப்பில் இருந்து இறங்கும் நேரம், ஏறும் நேரம், வெங்காயம் வெட்டும் நேரம். நீ சொன்ன நிமிடத்தில் சாப்பாடு மேசையில் இருக்கும். ஒன்பது வருடமாக உன் கணக்கு ஒருநாளும் பிசகவில்லை. அந்த ஒன்பது வருடமும் நான் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டபடி, இந்தத் தோட்டத்தில் துரை வயிற்றின் முழு வரலாற்றையும் அறிந்த ஒரே கல்விமானாக இருந்தேன். வெளியே மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் உன் வேலை போயிருக்கும்.

அதற்குக் கைமாறாகத்தான் நீ அந்த வாக்கைக் கொடுத்தாய்.

"ஒருநாளைக்கு உனக்கு நான் டினர் வைக்கிறேன்டா வாத்தி. துரைக்கு வைக்கிற மாதிரி, கோட்டுப் போட்டு. என்னென்ன வேணும்னு எழுதிக் குடு."

"எழுதணுமா? வாயால சொல்றேனே."

"மெனு இல்லாம செஞ்சு எனக்குப் பழக்கமில்ல."

நான் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். தனக்குத் தானே சமைப்பவன் பசியை மட்டும் பார்த்தால் போதும். இன்னொருவன் சமைக்கத் தான் உட்கார்ந்து தின்னப்போகிறவன், தான் யார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. என் முதல் வரைவில் பதினான்கு சாமான்கள் இருந்தன. இரண்டாவதில் ஆறு; அது எளிமையை விளம்பரம் செய்வது போல இருந்ததால் கைவிட்டேன். நோனா எறிந்த ஒரு பழைய சமையல் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். அந்த வருடங்களில் நாட்டின் இனப் பிரச்சினைக்கான தீர்வுத் திட்டங்களும் வரைந்து, திருத்தி, மறுபடி வரையப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றோடு ஒப்பிட்டால் என்னுடையது நல்ல முன்னேற்றம் கண்டது.

என் மனைவி ஒருநாள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல நான் செய்யுற சாமான் ஒன்னையும் காணோமே."

"அதுதான் தினமும் கிடைக்குதே."

"கிடைக்குதா? நாளைக்கும் மெனு எழுதிக் குடுங்க, பார்ப்போம்."

மறுநாள் காலை நான் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் எட்டுச் சாமான் என்பது உறுதியானது. ஏழாவதாகப் புட்டிங். மெனு புத்தகத்தில் நான் மிக அதிகம் வாசித்த சொல் அதுதான். ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடக் கட்டட விவகாரம் வந்ததும் அதே காலத்தில்தான். வெளிநாட்டு உதவியில் ஒரு கட்டடம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். கட்டுவது எங்கே என்பதைப் பெற்றோர் குழு கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். குழுவில் மேல் டிவிசன் ஆட்கள் ஐந்து பேர், கீழ் டிவிசன் ஆட்கள் தலைவரோடு ஐந்து பேர், பதினோராவது ஆள் செயலாளராகிய நான். கீழ் டிவிசன்காரர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இருந்த பள்ளிக்கூடத்தின் கூரையில் மழைக்குத் தடை இல்லை. ஆனால் மேல் டிவிசனில் கூரையே இல்லை. அங்குள்ள சின்னப் பிள்ளைகள் மூன்று கட்டை இறங்கி, அந்த ஓடையைத் தாண்டி வர வேண்டும். மழைக்காலத்தில் வரமாட்டார்கள். எங்கள் பக்கத்து மழைக்காலம் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கம்பனிக்கு மேல் டிவிசனை மூடும் யோசனை இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம் எழும்பிவிட்டால் மூடுவது கஷ்டம். ஆகவே துரை கல்வியில் திடீர் அக்கறை காட்டினார்.

உன் தங்கச்சி அப்போதும் மேல் டிவிசனில்தான் இருந்தாள். அவள் மகள் சாந்திக்கு ஐந்து வயது. வருகிற தையில் முதலாம் வகுப்பு. ஒருநாள் வளைவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் என்னைப் பார்த்து, "எங்க லயத்துக்கே ஸ்கூல் வருதாமே மாஸ்டர், அப்போ நான் காலுக்குச் சப்பாத்துப் போடத் தேவல்லதானே?" என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். என் கை எந்தப் பக்கம் தூக்கப்படும் என்பது ரகசியம் அல்ல.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கோயில் மண்டபத்தில் என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை நீ வளைவில் புத்தகத்தை நீட்டாமலே பேசினாய்.

"ஞாயித்துக்கிழமை துரையும் நோனாவும் கொழும்புக்குப் போறாங்க. பங்களா காலி. அன்னைக்கு வச்சுக்குவோம்."

"அன்னைக்குக் கூட்டம்டா."

"தெரியும். அஞ்சு மணிக்கு சூப் வச்சிருவேன். கூட்டம் யாருக்கு? என் தங்கச்சி புள்ளைக்குத்தானே. எனக்குத் தெரியாதா?"

எனக்கு வேறு உத்தரவாதம் தேவைப்படவில்லை. மெனுவைச் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அது அங்கே ஆயத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நீ மறுபடி வந்தாய். புத்தகத்தை வாசித்து முடித்த பிறகும் போகாமல் நின்றாய்.

"அந்தப் புட்டிங்க விட்ருடா. வாழைப்பழம் வச்சிருவோம்."

"வாழைப்பழம் திங்க எனக்கு அப்பு தேவையில்ல."

"சோத்தோட நிப்பாட்டுவோம்டா. வயித்துக்கும் நல்லது."

"மெனுவுல இருக்கு."

துரையின் முட்டைகள் மீது உனக்குப் பற்று வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். "சரி. மெனுவுல இருந்தாச் செய்யத்தான் வேணும்" என்று சொல்லிப் போனாய்.

ஞாயிறன்று நான் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு, குசினிப் பக்கமாகப் பங்களாவுக்குள் நுழைந்தேன். நீ என்னைச் சாப்பாட்டு அறைக்கே அழைத்துப் போனாய். பன்னிரண்டு பேர் இருக்கக்கூடிய மேசையில் ஒரு தட்டு, அதன் இருபுறமும் ஒரு சிறு ஆயுதக் கிடங்கு. நீ வெள்ளைக் கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாய். ஐந்து மணிக்கு, "மாஸ்டர், சூப்" என்றாய். வேறு யாரும் இல்லை.

"டேய், நீயும் உட்காருடா."

"அப்பு உட்காருறது இல்லைங்க."

நான் சிரித்தேன். எவ்வளவு கச்சிதமாகச் செய்கிறாய் என்று மனதுக்குள் மெச்சினேன். நாம் தனியே இருக்கும்போது நீ என்னிடம் மரியாதையாகப் பேசிய ஒரே மாலை அது.

உன் மேல் எனக்குள்ள வழக்கில் ஒரு விஷயத்தை நான் மறைக்கக் கூடாது. அது நான் வாழ்க்கையில் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு. சூப்பில் மிளகு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. கட்லட்டின் வெளிப்புறம் முறுகி, உள்ளே மீன் பிட்டுப் பிட்டாக இருந்தது. கோழியின் தோல் கத்தி பட்டதும் மெல்ல நொறுங்கியது. மொஜுவில் கடுகும் புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் இருந்தன. ஆறு மணிக்கு நீ தட்டை எடுத்தாய். நான் துணியை மடித்து வைத்தேன்.

"புட்டிங் இறுகிக்கிட்டிருக்குங்க. கொஞ்சம் பொறுங்க."

சுவரில் இருந்த மணிக்கூடு சரியாகத்தான் ஓடியது. அதன் மேல் குற்றமில்லை. ஆறு இருபதுக்கு நான், "கூட்டம்டா" என்றேன்.

"தலைவரு என்னைக்குங்க சொன்ன நேரத்துக்குக் கூட்டம் ஆரம்பிச்சிருக்காரு?"

உண்மைதான். எங்கள் தோட்டத்தில் ஆறரைக் கூட்டம் என்றால் ஏழரைக்கு ஒலிபெருக்கி இருமத் தொடங்கும். இந்தத் தோட்டத்தில் பிறந்த எவனும் அதை நம்பித்தான் உட்கார்ந்திருப்பான். நானும் உட்கார்ந்தேன்.

ஏழுக்கு ஐந்து இருக்கும்போது புட்டிங் வந்தது. தட்டில் லேசாக நடுங்கியது. கருகிய சீனியின் மணம் அறை முழுவதும் பரவியது. நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். பிறகு இன்னொரு துண்டு கேட்டேன். நீ வெட்டி வைத்தாய். கை மட்டும் கொஞ்சம் மெதுவாக வந்தது. பிறகு கோப்பி. நான் எழும்பியபோது மணி ஏழு இருபது.

பங்களாவில் இருந்து கோயிலுக்கு இருபது நிமிட நடை. பாதி வழியில் டோர்ச் வெளிச்சங்கள் எனக்கு எதிரே ஏறி வந்தன. மேல் டிவிசன் ஆட்கள். உன் தங்கச்சியும் வந்தாள். சாந்தி அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

"மாஸ்டர் எங்கங்க போயிட்டீங்க? வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தோம்."

"கூட்டம் முடிஞ்சுதா?"

"சரியா ஆறரைக்கு ஆரம்பிச்சிட்டாங்க. அஞ்சுக்கு அஞ்சு. தலைவரு ரெண்டாந்தரமும் கையத் தூக்கினாரு. கீழேயே கட்டுறாங்களாம்."

தலைவர் கீழ் டிவிசன்காரர். சமமாக வந்தால் அவருக்கு இன்னொரு கை உண்டு என்பது விதியில் இருந்தது. அந்த விதியை எழுதியவன் செயலாளர்.

"உடம்பு சரியில்லாமப் போச்சும்மா" என்றேன். அவள் மூக்குக்கு எட்டாத தூரத்தில் நிற்பதற்காக ஓர் அடி பின்னால் வைத்தேன். என் மேல் ஏலமும் கருகிய சீனியும் மணத்துக்கொண்டிருந்தன.

அப்போதும் நான் உன்னைச் சந்தேகிக்கவில்லை. என் வயிற்றைத்தான் நொந்துகொண்டேன். மறுநாள் ஆறு மணிக்கு வளைவுக்கு வந்து மெனு வாசித்தேன். அடிக்கல் நாட்டிய அன்றுதான் விஷயம் தெரிந்தது. துரை மாலையும் கழுத்துமாக என் பக்கத்தில் வந்து, தன் தமிழில், அன்போடு கேட்டார்:

"மாஸ்டர், அன்னைக்கு புட்டிங் நல்லா வந்ததா? நம்ம அப்பு நல்லாச் செய்வான், இல்ல?"

கொழும்பில் இருந்த மனிதர் கேட்கிறார். நான், "நல்லா வந்துச்சுங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? நல்லாத்தான் வந்திருந்தது. நீ கொஞ்ச தூரத்தில் சிற்றுண்டித் தட்டோடு நின்றாய். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த மாதம் மோகன் கணக்கப்பிள்ளை ஆனான். பள்ளி இறுதி ஓ.எல். பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அதே பெறுபேற்றில் உறுதியாக நின்றவன். மலையில் ஆட்களை மேய்க்கும் உத்தியோகம் அவனைத் தேடி வந்தது. அவனை நான் குறை சொல்லவில்லை. நல்ல கணக்கப்பிள்ளை என்றுதான் ஆட்கள் சொல்கிறார்கள். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

நான் பழிவாங்கிய வரலாறும் உண்டு, சுருக்கமானது. ஒருநாள் காலை புத்தகத்தில் 'பழம்' என்றிருந்ததைக் 'கேரமல் புட்டிங்' என்று வாசித்தேன். நீ பென்சிலைக் காதில் இருந்து எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றாய். அன்று மேசைக்குப் புட்டிங் போனது. துரை மிகவும் மகிழ்ந்ததாகக் கேள்விப்பட்டேன். மறுநாள் நீ வளைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு மோகன் உனக்கு மெனு வாசித்தான். ஸ்டியூவும் ரோஸ்ட்டும் சில நாட்கள் இடம் மாறியதாகச் சொன்னார்கள்.

பின்னர் நாம் பேசியது ஒரே தடவை. றக்வானை பஸ் ஸ்டாண்டில், பல வருடம் கழித்து. அதற்குள் மேல் டிவிசனை மூடிவிட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மானாப் புல் லயத்தின் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. நீ என் பக்கத்தில் வந்து நின்று, பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னாய்:

"நான் வேண்டாம்னு சொன்னேன்டா. நீதான் கேட்கல்ல."

திமிர் என்று நினைத்தேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். நீ ஏறவில்லை, அதே பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தாய்.

இப்போது அந்தப் பென்சில் எழுத்துகள். ஓரத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் நேரம் போட்டிருக்கிறாய். சூப் ஐந்து, கட்லட் ஐந்தேகால், சோறும் கோழியும் ஐந்தரை. அடியில், "புட்டிங் இல்லாட்டி 6.10. இருந்தா 7.20." அதற்கும் அடியில், "கூட்டம் 6.30" என்று எழுதி, தாள் கிழியும் அளவுக்கு இரண்டு தடவை கோடிட்டிருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை காலையில் இருந்து இதை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். துரை உன்னிடம் கூட்டத்தன்று எனக்கு டினர் வைக்கச் சொல்லியிருக்கிறார். எத்தனை சாமான் என்று சொல்லவில்லை போலும். வாழைப்பழத்துக்கு நான் சம்மதித்திருந்தால், துரை சொன்னதையும் செய்ததாக இருந்திருக்கும். நானும் ஆறரைக்கு மண்டபத்தில் இருந்திருப்பேன். நல்ல கணக்கு. உன் கணக்கு பிசகாது. மன்னிக்க வேண்டும் என்றால் மன்னிப்பதற்கு இடம் வைத்துத்தான் எழுதியிருக்கிறாய்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என்னைத் தேர்ந்தெடுக்க விட்டாய்; எதற்கும் எதற்கும் நடுவில் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருந்த அந்த மேசைக்கும் நீ நின்ற இடத்துக்கும் இரண்டு அடி தூரம். இரண்டு நேரங்களைப் பென்சிலால் எழுதத் தெரிந்த உனக்கு, 'எழும்புடா' என்று ஒரு வார்த்தை வாயால் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருடம் உனக்கு நான் வாசித்தேன். எனக்கு நீ வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது இந்த ஒரு தாள்தான்.

படையலை உன் மருமகள் செய்தாள். ரோஸ்ட் கோழிக்கு உப்புக் கூடிவிட்டது. சூப்பை இலையில் எப்படி வைப்பது என்று ஒரு விவாதம் நடந்து, கடைசியில் தேநீர்க் கோப்பையில் வைத்தார்கள். ஏழு சாமானும் உன் படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றாவது உனக்குப் பிடிக்குமா என்று எனக்கும் தெரியாது. புட்டிங் இல்லாததால் நேரத்தோடு முடிந்தது. தாளை மோகன் திருப்பிக் கேட்கவில்லை. அது என் சட்டைப் பையில், அப்போது இருந்த அதே பக்கத்தில் இருக்கிறது.

உன் தங்கச்சி இரத்தினபுரியில் இருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாந்தியைக் காணவில்லை என்று கேட்டேன். அவள் கொழும்பில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். அன்று அந்த வீட்டுக்கு டினருக்கு ஆட்கள் வருவதால் லீவு கிடைக்கவில்லை.